லிஃப்ட் செய்த மஹிந்திரா தாரில் டிரெய்லர் இழுப்பது

மஹிந்திரா தாருக்கு 4 இன்ச் லிஃப்ட்டும் (வண்டியை உயர்த்தும் மாற்றம்) 33 இன்ச் டயரும் போட்டு, அதிலேயே படகு டிரெய்லரையும் இழுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒத்துவராது.

வண்டியைத் தூக்கினால், பின்னால் டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் குண்டும் மேலே போகும். டிரெய்லரின் மூக்கு நிமிர்ந்து பாரம் பின்னால் சாயும். வேகம் எடுத்ததும் பாம்பு மாதிரி நெளியும். டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்காவது குண்டின்மேல் இறங்க வேண்டும். லிஃப்ட் போட்டே தீருவேன் என்றால், குண்டு தாழ்வாக அமையும் ஹிட்ச் வாங்கி, சமதரையில் டிரெய்லர் கிடைமட்டமாக நிற்கிறதா பாருங்கள்.

18 இன்ச் சக்கரத்துக்கான கம்பெனி டயர் 255/65 ஆர்18, மொத்த உயரம் ஏறக்குறைய 31 இன்ச். 33 போட்டால் மீட்டர் 80 காட்டும்போது நிஜத்தில் 85 போவீர்கள். இழுவையும் அந்த அளவுக்குக் குறையும். பாரத்தோடு மேடு ஏறும்போது கிளட்ச் வாடை வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

நானாக இருந்தால் அதே அளவில் நல்ல ஆல்-டெரைன் டயர் (சாலை, கரடுமுரடான பாதை இரண்டுக்குமானது), அடிப்பாகத்தைக் காக்கும் ஸ்கிட் பிளேட், அவ்வளவுதான். மணலில் டயர் காற்றழுத்தத்தை 18-20 பிஎஸ்ஐக்கு இறக்கினாலே பாதி வேலை முடிந்தது.

அப்புறம், உற்பத்தியாளரின் அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸில் தகராறு வர அது ஒன்றே போதும்.

படகோடு சேர்த்து டிரெய்லர் எத்தனை கிலோ? அதில் தனி பிரேக் உண்டா?