காரணங்களை எடைபோடும் வகுப்பு

அன்புள்ள ஐயா,

வணக்கம். உயர்நிலை வகுப்புகளுக்கு வரலாறு நடத்துகிறேன். வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. வரலாற்றுக் கல்வி பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிப்பவள் என்பதால் உங்களிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

என் வகுப்பில் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்கிறார்கள். வாயால் கேட்டால் நன்றாகவே பதில் சொல்கிறார்கள். பரீட்சையில் மட்டும் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. ‘முதல் உலகப் போர் மூண்டதற்குக் கூட்டணிகளே முக்கியக் காரணம் என்ற கருத்தை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?’ என்று கேட்டால், தெரிந்த காரணங்களையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள். பக்கம் பக்கமாக எழுதிய பிள்ளைக்குப் பாதி மதிப்பெண்கூட வருவதில்லை. மூத்த ஆசிரியர்கள், ‘முதலில் போர்ஷனை முடித்துவிடுங்கள், கடைசி இரண்டு மாதம் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பழக்குங்கள்’ என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பரீட்சைக்காகவே நடத்தினால் வரலாறு செத்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. பாடங்களை எப்படித் திட்டமிடுவது?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் இருக்கும் அந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டே பேசுகிறேன். ‘எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்’ என்று கேட்பவர், தெரிந்ததையெல்லாம் சொல்லச் சொல்லவில்லை. காரணங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது கனமானது, ஏன் என்று ஒரு முடிவுக்கு வரச் சொல்கிறார். உங்கள் பிள்ளைகள் அந்த வேலையை வகுப்பில் எப்போதாவது செய்திருக்கிறார்களா? அவர்கள் கேட்டது கதை. கதை கேட்டவர்கள் கதைதான் எழுதுவார்கள். கடைசி இரண்டு மாதத்தில் பழைய வினாத்தாள்களை எத்தனை முறை போட்டாலும் இது பெரிதாக மாறாது. வினாத்தாளை எழுதிப் பார்ப்பதால் வேகம் வரும், பயம் தெளியும். எடைபோடத் தெரியாத பிள்ளைக்கு எடைபோடுவது எப்படி என்பதை வினாத்தாள் சொல்லித்தராது.

உங்கள் பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. காரணங்களை எடைபோடுவது, ஒரு சான்று எதற்குப் பயன்படும் என்று பார்ப்பது, எது மாறியது எது மாறவில்லை என்று பிரித்தறிவது – நல்ல வினாத்தாள் கேட்பது இவற்றைத்தான். வரலாற்றாசிரியர்கள் அன்றாடம் செய்யும் வேலையும் இதுதான். ஆகவே பாடம் ஒரு பக்கம், பரீட்சைத் திறன் ஒரு பக்கம் என்று பிரித்துத் திட்டமிடாதீர்கள். ஒவ்வொரு அலகையும் ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள். பாடநூலின் உட்தலைப்புகளைத் தேதிவாரியாகப் பங்கிட்டுக் கொடுப்பது அட்டவணை போடும் வேலை. எந்தக் கேள்விக்கு விடை தேடப் போகிறோம் என்று முடிவு செய்வதில்தான் திட்டமிடலே ஆரம்பிக்கிறது.

1914-ஐயே எடுத்துக்கொள்வோம். ஒரே பாடவேளை, சின்னச் சின்னத் துண்டுச்சீட்டுகள். சீட்டுக்கு ஒரு செய்தி. ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி சேர்ந்த முக்கூட்டணி, 1882. பிரான்ஸ்-ரஷ்யா கூட்டணி, 1894. பிரிட்டன் பிரான்ஸோடு செய்துகொண்ட நல்லுறவு உடன்பாடு 1904, ரஷ்யாவோடு 1907. பிரிட்டனின் டிரெட்நாட் போர்க்கப்பல் 1906-ல் கடலில் இறங்கிய பிறகு சூடுபிடித்த கடற்படைப் போட்டி. 1912, 1913 பால்கன் போர்கள். 1914 ஜூன் 28, சரயேவோவில் ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் கொலை. ‘என்ன செய்தாலும் உங்கள் பக்கம் நிற்போம்’ என்று ஜூலை தொடக்கத்தில் ஜெர்மனி ஆஸ்திரியாவுக்குக் கொடுத்த உறுதி. ஜூலை 23, செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு. ஜூலை 30, ரஷ்யாவின் முழுப் படைதிரட்டல். பிரான்ஸைத் தாக்க பெல்ஜியம் வழியாக நுழையும் ஜெர்மன் திட்டம்.

சீட்டுகளைப் பிள்ளைகளே மேசையில் பரப்பி, நெடுநாளாகப் புகைந்தவை, அந்தச் சில வாரங்களில் நடந்தவை என்று பிரிக்கட்டும். அப்புறம் ஒரு சீட்டை நீங்கள் எடுத்துவிடுங்கள். ‘இது நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். போர் வந்திருக்குமா? வந்திருந்தால் இவ்வளவு பெரிதாகியிருக்குமா?’ இங்கேதான் வகுப்பு சூடுபிடிக்கும். சரயேவோ சீட்டை எடுத்தால், வேறு ஏதாவது ஒரு பொறி கிடைத்திருக்கும் என்பார் ஒருவர். பால்கனில் அதற்கு முன் நடந்த இரண்டு போர்களும் ஐரோப்பா முழுவதும் பரவவில்லையே, இது மட்டும் ஏன் பரவியது என்று இன்னொருவர் மடக்குவார். ஜெர்மனி தந்த உறுதியில் போய் நிற்கும் விவாதம். ‘போர் ஏன் மூண்டது’ என்பதும் ‘போர் ஏன் 1914-ல் மூண்டது’ என்பதும் ஒரே கேள்வி இல்லை என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டால், அந்த வகுப்புக்கு அதுவே போதும்.

இப்போது இத்தாலியைக் கொண்டுவாருங்கள். ‘கூட்டணிகள் எல்லா நாடுகளையும் போருக்குள் இழுத்துவிட்டன’ என்ற வாக்கியத்தைப் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். 1882-லிருந்து முக்கூட்டணியில் இருந்த இத்தாலி, ஆஸ்திரியாதான் முதலில் கைநீட்டியது, தற்காப்புக்கான ஒப்பந்தம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி 1914-ல் ஒதுங்கி நின்றது. 1915 மே மாதம் எதிரணியில் சேர்ந்து ஆஸ்திரியா மீதே போர் அறிவித்தது. பிரிட்டனும் அப்படித்தான். பிரான்ஸோடு அது 1904-ல் செய்துகொண்டது, போருக்கு வந்தே தீர வேண்டும் என்று கட்டும் ஒப்பந்தம் கிடையாது. ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் போர் அறிவித்தபோது முன்வைத்த காரணம், பெல்ஜியத்தின் நடுநிலைமைக்கு 1839-ல் கொடுத்திருந்த உத்தரவாதம். இந்த இரண்டு செய்திகளையும் வகுப்பில் வைத்து, ‘இப்போதும் கூட்டணிதான் முக்கியக் காரணமா?’ என்று கேளுங்கள். ஆமாம் என்று சொல்பவர் இத்தாலிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இல்லை என்பவர், ஆஸ்திரியா-செர்பியா சண்டைக்குள் ஜெர்மனியும் பிரான்ஸும் எப்படி வந்தன என்று சொல்லியாக வேண்டும். மதிப்பெண் கிடைப்பது இந்தப் பதில்களுக்குத்தான்.

பாடவேளையின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிள்ளைகள் எழுத வேண்டும். வீட்டுப்பாடமாகக் கொடுக்காதீர்கள். பேசியது சூடு ஆறுவதற்குள் வகுப்பிலேயே எழுதட்டும். முழுக் கட்டுரை வேண்டாம், ஒரே ஒரு பத்தி போதும். எழுதுவதற்கு முன் இரண்டு மாதிரிகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். முதலாவது: ‘கூட்டணிகள் ஒரு முக்கியக் காரணம். 1882-ல் முக்கூட்டணி ஏற்பட்டது. 1907-ல் பிரிட்டனும் ரஷ்யாவும் உடன்பாடு செய்துகொண்டன. இதனால் போர் மூண்டது.’ இரண்டாவது: ‘கூட்டணிகள் போரை உண்டாக்கவில்லை, அதைப் பெரிதாக்கின. 1894 ஒப்பந்தம் இருந்ததால், ரஷ்யாவோடு மோதினால் பிரான்ஸோடும் மோத வேண்டியிருக்கும் என்று ஜெர்மனி கணக்குப் போட்டது. ஆனால் இத்தாலி விலகி நின்றதைப் பார்க்கும்போது, ஒப்பந்தம் மட்டுமே எந்த நாட்டையும் போருக்குள் தள்ளிவிடவில்லை என்று தெரிகிறது.’ முதலாவதில் உள்ள ‘இதனால்’ என்ற சொல்லுக்கு அடியில் எதுவுமே இல்லை என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே பார்ப்பார்கள். 1907-ல் உடன்பாடு, ஏழு வருடம் கழித்துப் போர். இடையில் என்ன நடந்தது என்று கேட்டால் போதும். இரண்டாவது பத்தியில் தேதிகள் குறைவு, மதிப்பெண் அதிகம் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்ற பதற்றம் குறையும்.

கருத்து, சான்று, விளக்கம் என்று பத்திக்கு ஒரு சட்டகம் கொடுக்கும் வழக்கம் உண்டு. எழுதத் திணறும் பிள்ளைக்கு ஆரம்பத்தில் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் நடக்கப் பழகியதும் ஊன்றுகோலை வாங்கிவிட வேண்டும். வருடம் முழுக்க அதே சட்டகத்தில் எழுதும் பிள்ளை, ஒரு காரணத்துக்கும் இன்னொரு காரணத்துக்கும் உள்ள உறவை எழுதவே மாட்டாள். சட்டகத்தில் அதற்கு இடமே கிடையாது.

சான்று சார்ந்த கேள்விகளில் பிள்ளைகள் சறுக்குவது வேறு விதம். 1919 மே மாதம் லண்டனின் டெய்லி ஹெரால்ட் நாளிதழில் வில் டைசன் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று உண்டு. பிரான்ஸின் கிளெமென்சோ, அமெரிக்காவின் வில்ஸன், பிரிட்டனின் லாயிட் ஜார்ஜ், இத்தாலியின் ஆர்லாண்டோ ஆகிய நான்கு தலைவர்கள் அமைதி மாநாட்டிலிருந்து வெளியே நடந்து வருகிறார்கள். தூணுக்குப் பின்னால் ஒரு குழந்தை நின்று அழுகிறது. அதன் தலைக்கு மேல் ‘1940 வகுப்பு’ என்று எழுதியிருக்கிறது; 1940-ல் படைக்குப் போகும் வயதை எட்டப்போகும் தலைமுறை என்று பொருள். இதைக் கொடுத்துப் பயனுள்ள சான்றா என்று கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர், ‘கேலிச்சித்திரம் மிகைப்படுத்தும், ஆகவே நம்ப முடியாது’ என்றுதான் எழுதுவார்கள். இன்னும் சிலர், இரண்டாம் உலகப் போரைச் சரியாகக் கணித்ததால் பயனுள்ளது என்பார்கள். இரண்டுமே சான்றைப் பயன்படுத்தும் முறை ஆகாது.

மாதத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஜெர்மனியோடு போரை முடித்துவைத்த வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூன் 28. படம் வந்தது மே மாதத்தில். பத்திரிகை, தொழிலாளர் இயக்கத்தின் பக்கம் நின்றது. ஆகவே, ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே, வென்ற நாட்டுக்குள்ளேயே, இடதுசாரிகளிடம் இந்த அமைதி இன்னொரு போரைத்தான் கொண்டுவரும் என்ற பயம் இருந்தது என்பதற்கு இது உறுதியான சான்று. ஒப்பந்தத்தின் ஷரத்துகள் என்ன என்று தெரிந்துகொள்ள இதனால் பயனில்லை. பிரிட்டிஷ் மக்கள் எல்லோரும் அப்படி நினைத்தார்கள் என்று காட்டவும் இது உதவாது. ‘எதற்குப் பயன்படும்’ என்று கேட்கப் பழகிய பிள்ளை, நம்பலாம், நம்பக் கூடாது என்ற இரண்டே பெட்டிகளுக்குள் மாட்டிக்கொள்ள மாட்டாள்.

ஸாம் வைன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1991-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வரலாற்றாசிரியர்களிடமும் பள்ளி மாணவர்களிடமும் ஒரே ஆவணங்களைக் கொடுத்து, வாசிக்கும்போது தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். யார் எழுதியது, எப்போது எழுதியது என்பதை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் முதலில் பார்த்துக்கொண்டார்கள். மாணவர்கள் முதல் வரியிலிருந்து நேராக வாசித்துக்கொண்டு போனார்கள். இதை வகுப்பில் பழக்குவது சுலபம். சான்றை மூடி வைத்துவிட்டு, அதன் அடியில் உள்ள பெயரையும் தேதியையும் மட்டும் காட்டுங்கள். உள்ளே என்ன இருக்கும் என்று பிள்ளைகள் ஊகிக்கட்டும். பிறகு திறந்து காட்டுங்கள். ஐந்து நிமிட வேலை, வாரம் ஒருமுறை செய்யலாம்.

இதெல்லாம் செய்தால் தகவல் மறந்துபோகாதா என்று உங்கள் மூத்த ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1882-ம் 1894-ம் மனதில் இல்லாத பிள்ளை எதை எடைபோடுவாள்? அதனால் ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் நான்கைந்து சின்னக் கேள்விகள், நோட்டைப் பார்க்காமல். ஒன்று நேற்றைய பாடத்திலிருந்து, இரண்டு போன மாதத்திலிருந்து, ஒன்று வருடத் தொடக்கத்திலிருந்து. திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்து எழுதுவது நிலைக்கும் என்பதை ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் சோதித்துக் காட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். இந்தக் கேள்விகளுக்கு மதிப்பெண் போட வேண்டாம்.

நேரத்துக்கு எங்கே போவது? சில பகுதிகளை வேகமாகக் கடக்க வேண்டும், வேறு வழியில்லை. ஆறு வகுப்புகள் கிடைக்கும் அலகென்றால் இரண்டை மட்டும் ஆழமாக நடத்துங்கள். மீதியில் நீங்களே தெளிவாகக் கதை சொல்லி முடித்துவிடலாம். நன்றாகச் சொல்லப்படும் கதைக்கு வரலாற்று வகுப்பில் எப்போதும் இடமுண்டு, பரீட்சையை நினைத்து அதை விட்டுவிடாதீர்கள். போர்க்களத்தின் ஒவ்வொரு மோதலையும் ஒரே கனத்தில் நடத்துவதுதான் நேரத்தை விழுங்குகிறது. அலகின் கடைசிக் கேள்வியை முதல் நாளே பலகையில் எழுதிவிட்டால், எதை விடலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

திருத்துவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு பத்தியில் எல்லாப் பிழைகளையும் திருத்தாதீர்கள். அன்றைய வகுப்பு காரணங்களை ஒப்பிடுவது பற்றியது என்றால் அதை மட்டும் பாருங்கள். நோட்டுகளைப் புரட்டிவிட்டு, பலருக்கும் பொதுவான ஒரு குறையை அடுத்த நாள் பேசி, அதே பத்தியை மீண்டும் எழுதச் சொல்லுங்கள். திருத்தி எழுதாத பிள்ளைக்குச் சிவப்பு மையால் லாபமில்லை.

பழைய வினாத்தாள்களை ஒதுக்கச் சொல்லவில்லை. இப்போதே ஒன்றை எடுத்து, எழுதச் சொல்லாமல், ஒவ்வொரு கேள்வியும் என்ன வேலை கேட்கிறது என்று பிள்ளைகளோடு பிரித்துப் பாருங்கள். விவரி என்பதற்கும் எந்த அளவுக்கு என்பதற்கும் எழுத வேண்டியவை வேறு. நேரக் கணக்கும் சொல்லித் தாருங்கள். 75 நிமிடத்தில் 50 மதிப்பெண் என்றால் மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். 12 மதிப்பெண் கேள்விக்கு 18 நிமிடம், 4 மதிப்பெண்ணுக்கு 6. பக்கம் பக்கமாக எழுதும் அந்தப் பிள்ளை, பெரும்பாலும் 4 மதிப்பெண் கேள்வியிலேயே கால் மணி நேரத்தைச் செலவழித்திருப்பாள். முழு வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதுவதைக் கடைசி மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா அலகுகளையும் ஒரே நேரத்தில் மாற்ற முயலாதீர்கள். அடுத்து நடத்தப்போகும் ஒன்றை மட்டும் எடுத்து, அதற்கான கேள்வியை எழுதி, அதற்கு நீங்களே ஒரு விடை எழுதிப் பாருங்கள். எழுதும்போது எங்கே தடுக்கிறதோ அங்கேதான் பிள்ளைகளுக்கும் தடுக்கும், ஆழமாக நடத்த வேண்டிய வகுப்பும் அதுதான். முடிந்தால் அந்தக் கேள்வியை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே பார்ப்போம்.