அடைப்புக்குறிக்குள் ஓர் அம்மா

கேள்வி: நான் ரொறன்ரோவில் இருக்கிறேன், தம்பி யாழ்ப்பாணத்தில். இலங்கைப் போருக்கு, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டமே காரணம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். துவக்குத் தூக்கியவர்களே போரைத் தொடங்கினார்கள் என்று தம்பி மறுத்தான். மருமக்கள் எல்லாரும் பார்க்க வாதம் முற்றியதால் தைப்பொங்கலன்று அவனுடைய எண்ணைத் தடைசெய்துவிட்டேன். (அம்மாவிடம் தனிப் போன் இல்லாததால் அன்றிலிருந்து அவரோடும் பேசவில்லை.) யார் சொல்வது சரி?

பதில்: வரலாற்றை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் நான் பெரும்பாலும் உங்கள் பக்கம்தான். 1983 யூலை 23 அன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 படையினர் கொல்லப்பட்டதைப் போரின் தொடக்கமாகக் குறிக்கலாம். ஆனால் 1958இலும் 1977இலும் தமிழர்கள் தாக்கப்பட்டதற்கும், 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதற்கும் அந்த நாள் காரணமாக முடியாது. அதேவேளை, உங்கள் 1956ஆம் ஆண்டுச் சட்டமும் தனியாக நின்று எல்லாவற்றையும் விளக்கிவிடாது. இடையில் 27 ஆண்டுகள் கிடக்கின்றன. தமிழ்ப் பகுதிகளுக்கு அதிகாரம் பகிரப் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் 1957இல் செய்த ஒப்பந்தம் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது, 1965இல் டட்லி சேனநாயக்காவோடு செல்வநாயகம் செய்ததும் நிறைவேறவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவர்களைப் பாதித்த தரப்படுத்தல் முறை வந்து, சிறுபான்மையினருக்கு இருந்த பாதுகாப்பு விதியும் 1972 அரசியலமைப்பில் இல்லாமற்போன பின்னரே, 1976இல் வட்டுக்கோட்டையில் தமிழ்க் கட்சிகளின் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. அதற்கு முந்திய ஆண்டில் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலையில் ஆயுதம் ஏந்திய தமிழ் இளைஞர்களால் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. தம்பி கேட்பது அதைத்தான் என்றால், கேட்பதில் நியாயம் உண்டு.

இனி, அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒதுக்கிவைத்த வரிக்கு வருகிறேன். தம்பியின் எண்ணைத் தடைசெய்தால் அந்த ஒரே வழியாக உங்களிடம் வரக்கூடிய தாயும் தடைப்படுவார் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கவில்லை. அதுவும், தூரத்திலிருக்கும் பிள்ளையின் அழைப்புக்காகத் தாய்மார் காலையிலிருந்தே காத்திருக்கும் தைப்பொங்கல் நாளில் செய்திருக்கிறீர்கள். அயல்வீட்டாரின் போனிலாவது அவரை அழைக்க முயன்றீர்களா? முயன்றிருந்தால், மருமக்கள் பார்க்க வாதம் முற்றியதை எழுதத் தவறாதவர் அதையும் எழுதியிருப்பீர்கள்.

அந்த வீட்டில் இப்போது என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மூத்தவன் ஏன் பேசுவதில்லை என்று அம்மா கேட்கும்போதெல்லாம், வேலை அதிகம் என்றோ போன் பழுது என்றோ உங்களுக்காகப் பொய் சொல்ல வேண்டியவர், நீங்கள் தடைசெய்து வைத்திருக்கும் அதே தம்பிதான். கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும், மருந்து எடுத்துக் கொடுப்பதும், இரவில் எழுந்து பார்ப்பதும் பக்கத்தில் இருக்கும் அவருடைய பொறுப்பாகத்தான் இருக்கும். அவர் வரலாற்றைத் தலைகீழாகவே சொன்னாலும், தாயைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரோடு பேச்சை முறிக்கும் உரிமை கடல்கடந்து இருக்கும் மூத்த பிள்ளைக்குக் கிடையாது என்பதே என் எண்ணம். இது பழைய காலத்துப் பேச்சு என்று நீங்கள் சொன்னால், அப்படியே இருக்கட்டும்.

ஆகையால், அவர் முதலில் மன்னிப்புக் கேட்கட்டும் என்று காத்திராமல் இன்றே தடையை நீக்கி நீங்களே அழையுங்கள். உங்களுக்குக் காலையாக இருக்கும்போது அங்கே மாலை, வீட்டில்தான் இருப்பார்கள். போனைத் தம்பிதான் எடுப்பார். எடுத்தவுடன் வட்டுக்கோட்டையைப் பற்றியோ துரையப்பாவைப் பற்றியோ தொடங்காமல், அம்மாவின் பிரஷர் எப்படி இருக்கிறது, அடுத்த கிளினிக் எந்த நாள், போக்குவரத்துக்கு எவ்வளவு முடிகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அவருக்கென்று ஒரு போன் வாங்கவும் அந்த மாதமே பணம் அனுப்புங்கள்.