வெட் ப்ளூ வரையும் பெண்ணுக்கு எதற்கு ஒன்பது லட்சம் கடன்?

போன சனிக்கிழமை வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டிலிருந்து ஒரு குடும்பம், பெண்ணை மேலே என்ன படிக்க வைப்பது என்று என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தது. அப்பாவுக்கு டேனரியில், தோல் பதனிடும் ஆலையில், வேலை. அம்மா ஷூ கம்பெனியில் தைக்கிறார். பெண் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். தாய்மாமனும் வந்திருந்தார், ஸ்பீக்கர் போனில்.

"ஓவியக் காலேஜுக்குத்தான் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா சார். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க" என்றார் அம்மா. கவலைப்படாதீங்க, இந்த வயசில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் என்று வழக்கமான பாட்டைப் பாட ஆரம்பித்தேன். அப்போது போன் பேசியது. "மொதல்ல ஒரு இன்ஜினியரிங் முடிக்கட்டும் சார். அப்புறம் படம் வரையட்டும், யாரு வேணாங்கறா? சேஃப்டிக்கு ஒரு டிகிரி வேணாமா?" ஏஜென்ட் ஒருவரிடம் பேசியே முடித்துவிட்டாராம். ஏஐ அண்டு டேட்டா சயின்ஸ், ஹாஸ்டலோடு நாலு வருஷத்துக்கு ஒன்பது லட்சம். கணக்கில் அந்தப் பெண் வாங்கியது 52.

ஆறுதல் சொல்வதை அத்தோடு நிறுத்திக்கொண்டேன். அன்று அவர்களிடம் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அப்பாவுக்கென்றே எழுதுவது இது.

ஐயா, முதலில் கடன். ஒன்பது லட்சத்துக்குப் பத்து சதவீத வட்டி, பத்து வருஷத் தவணை என்று வைத்தால் மாதம் ஏறத்தாழ 12,000 ரூபாய். படிக்கிற காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்துப் பத்திரம் கேட்கும். (ஏழரை என்ற எண்ணே நமக்கு ராசியில்லாதது!) உங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஓட்டு வீடு. கணக்கென்றாலே கை நடுங்கும் பெண் நாலு வருஷம் அரியர் எழுதி வாங்கும் டிகிரிக்கு வீட்டுப் பத்திரத்தை வைப்பதற்குப் பெயர் சேஃப்டியா? மைத்துனர் கையெழுத்துப் போடத் தயார் என்கிறார். தவணை கட்டத் தயாரா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, அவள் கொண்டு வந்த அந்தப் படம் வரையும் நோட்டு. நீங்கள் கடைசிவரை அதைத் திறக்கவில்லை, நான்தான் திறந்தேன். பதினைந்து பக்கத்துக்கு வெட் ப்ளூ தோல், அதாவது குரோமியத்தில் பதனிட்டு ஈரமாக இருக்கும் நீலத் தோல் மட்டும்: குவியலாக, மடித்து, கம்பத்தில் தொங்கியபடி. நீங்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த நீலம் தப்பு பாப்பா. ஈரத்துல இவ்ளோ வெளுப்பா இருக்காது, காஞ்சாத்தான் வெளுக்கும்" என்றீர்கள். அவள் உடனே பேனாவை எடுத்து ஓரத்தில் குறித்துக்கொண்டாள். திருத்தினால் முகம் சுளிக்காமல் குறித்துக்கொள்ளும் பிள்ளை எனக்கு மாதத்துக்கு ஒன்று வந்தாலே அதிகம்.

விஸ்காம், அனிமேஷன், ஃபேஷன், கட்டடக்கலையைப் பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. யூடியூபில் வேண்டிய மட்டும் கிடக்கிறது, அவள் கேட்பதும் அதுவல்ல. சென்னையில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கியது. சென்ட்ரலில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். நான்கு வருஷ பி.எஃப்.ஏ., அதாவது இளங்கலை நுண்கலைப் படிப்பு. நீட் கிடையாது. வரைந்து காட்டும் தேர்வு உண்டு. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் லட்சத்துக்குப் போகாது. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். தங்குவதற்கு அரசு நல விடுதி கேளுங்கள். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த அன்றே விண்ணப்பிக்க வேண்டும், தாமதித்தால் இடம் போய்விடும்.

"படிச்சு முடிச்சப்புறம்?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. மழுப்பாமல் சொல்கிறேன், முதல் ஐந்து வருஷம் கஷ்டம்தான். கல்லூரியில் கூடம் இருந்தது, திட்டுவதற்கு வாத்தியார் இருந்தார், கூட வரைய முப்பது பேர் இருந்தார்கள். வெளியே வந்தால் ஒரு வாடகை அறை. கேன்வாஸை மடித்து வைக்க முடியாது, கட்டிலுக்கு அடியிலும் போகாது. வண்ணமும் துணியும் சட்டமும் மாதம் இரண்டாயிரம் மூவாயிரத்தைத் தின்றுவிடும். கேலரியில் படம் விற்றாலும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கமிஷனாகப் போகும். அந்த விற்பனையும் வருஷத்தில் ஒன்றோ இரண்டோதான். பாதிப் பேர் இந்த ஐந்து வருஷத்தில்தான் பிரஷ்ஷைக் கீழே வைக்கிறார்கள். திறமை இல்லாமல் இல்லை, வாடகை கட்ட முடியாமல்.

ஆக மைத்துனர் சொன்னதில் பாதி சரி. அவளுக்கு இன்னொரு வருமானம் வேண்டும். ஆனால் அது அதே கையிலிருந்து வரவேண்டும். அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கருக்கு இது தெரிந்திருந்தது. 1966இல் அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். பணம் எங்கிருந்து வந்தது? மெழுகால் வரைந்து சாயம் ஏற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். வயிற்றுக்குப் பாத்திக், மனசுக்கு ஓவியம்.

இந்தக் காலத்துக்கு நான் சொல்லும் பாத்திக், பிரிண்ட்மேக்கிங் என்ற அச்சுக்கலை. "பிரிண்டிங் பிரஸ் வேலையா சார்?" என்று கேட்டீர்கள். இல்லை. ஆனால் தோலைத் தெரிந்த உங்களுக்கு இது சீக்கிரம் புரியும். ஒரு துத்தநாகத் தகடு. அதன்மேல் மெழுகும் தாரும் கலந்த பூச்சு. ஊசியால் அந்தப் பூச்சைக் கீறிப் படம் வரைவார்கள். பிறகு தகட்டை அமிலத் தொட்டியில் இறக்குவார்கள். கீறின இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். நுரை நுரையாகக் குமிழி வரும், அதைக் கோழி இறகால் மெல்லத் தள்ளிவிடுவார்கள். எத்தனை நிமிஷம் விடுகிறோமோ அந்த அளவுக்குக் கோடு ஆழமாகும். தோல் பதனிடும் உங்கள் டிரம்மில் நேரம் தப்பினால் தோல் என்ன ஆகும்? அதே கதைதான். அப்புறம் பூச்சை எடுத்துவிட்டு, பள்ளத்துக்குள் போகும்படி மையைத் தேய்த்து, மேலே இருப்பதைத் துணியால் துடைத்தெடுத்து, நனைத்த காகிதத்தை வைத்துக் கம்பளி விரித்து உருளைக்கு அடியில் ஓட்டுவார்கள். காகிதத்தைத் தூக்கும்போது தகட்டின் விளிம்பு அதில் பதிந்திருக்கும். விரலால் தடவினால் தெரியும்.

பதினைந்து பிரதி எடுத்தால் ஒவ்வொன்றிலும் 1/15, 2/15 என்று பென்சிலில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதற்குமேல் எடுக்க முடியாதபடி தகட்டைக் குறுக்கே கீறிவிடுவார்கள். இதில்தான் லாபக் கணக்கு. முப்பதாயிரத்துக்கு ஒரு கேன்வாஸ் வாங்க ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு ஒரு பிரிண்ட் வாங்க ஒரு டாக்டரோ வாத்தியாரோ, ஏன் நானேகூட முன்வருவேன். பதினைந்தில் பத்து போனாலும் 25,000. சுருட்டிக் குழாயில் போட்டால் கூரியரில் அனுப்பிவிடலாம்.

சென்னைக் கல்லூரியில் இது தனிப் பிரிவாகவே இருக்கிறது. நிறையப் பேர் விண்ணப்பத்தில் அதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. அச்சு இயந்திரத்தைச் சொந்தமாக வாங்க லட்சங்கள் ஆகும், வாங்க வேண்டியதும் இல்லை. சென்னை கிரீம்ஸ் சாலையில், மத்திய அரசின் ஓவிய, சிற்பக் கலை அமைப்பான லலித் கலா அகாதமியின் மண்டல மையம் இருக்கிறது. அங்கே சிறு கட்டணத்துக்கு ஓவியர்கள் வேலை செய்யப் பொதுக்கூடங்கள் உண்டு, அச்சுக்குத் தனிக் கூடம். படிப்பு முடிந்ததும் அவள் அறை பார்க்க வேண்டியது அந்தச் சாலைக்குப் பஸ் போகிற இடத்தில். அங்கே இடம் கிடைத்தால் திட்டுவதற்கு ஆளும் கூட வேலை செய்ய ஆளும் திரும்பக் கிடைப்பார்கள். 18 முதல் 25 வயதுக் கலைஞர்களுக்கு மத்திய கலாச்சார அமைச்சகம் மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் தரும் உதவித்தொகையும் இருக்கிறது. அறிவிப்பு வருகிற வருஷம் தவறவிடாதீர்கள்.

இரண்டு விஷயத்தில் நான் கறார். 'பணம் கட்டுங்கள், உங்கள் படத்தை மாட்டுகிறோம், சர்வதேச விருதும் தருகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் வரும் கண்காட்சி எதற்கும் ஒரு ரூபாய் கட்டக் கூடாது. எங்கே படம் கொடுத்தாலும் எத்தனை, என்ன விலை, கமிஷன் எவ்வளவு, எப்போது திரும்பும் என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் கொடுக்கக் கூடாது.

"நம்ம பக்கம் யார் சார் ஜெயிச்சாங்க?" என்று போனிலிருந்து வந்த கேள்விக்கும் பதில் இருக்கிறது. 1989 வரை திருவண்ணாமலையும் பேரணாம்பட்டும் ஒரே வட ஆற்காடு மாவட்டம்தான். திருவண்ணாமலையில் 1932இல் பிறந்த ஓவியர் சந்தானராஜ், அதே கல்லூரியில் படித்து அங்கேயே முதல்வராகவும் இருந்தார். 1978இல் அதே ஊரில் பிறந்த பெனிதா பெர்சியல், ஓவியமும் அச்சுக்கலையும் அந்தச் சென்னைக் கல்லூரியில்தான் படித்தார். சாம்பிராணி மாதிரியான வாசனைப் பொருள்களைக் குழைத்துச் சிற்பம் செய்கிறவர். 2014இல் கொச்சி பினாலே என்ற கலைக் கண்காட்சியில் அவை இருந்த கூடத்தில் கண்ணுக்கு முன்னால் மூக்குக்கு வேலை வந்தது. வீட்டிலும் கோயிலிலும் சர்ச்சிலும் புகையும் பொருள்தான் அது. அதுபோல உங்கள் பெண்ணுக்கு வெட் ப்ளூ இருக்கிறது, மணல் போன பாலாறு இருக்கிறது, ராத்திரி முழுக்க நடக்கும் கூத்தின் முகப்பூச்சு இருக்கிறது. போனில் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து அவள் வரைந்த நாலு பக்கமும் அந்த நோட்டில் உண்டு. நோட்டிலேயே சவலையான பக்கங்கள் அவைதான். அவளிடமும் சொன்னேன், சிரித்தாள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்பது லட்சம் இல்லை. நாலு வருஷப் படிப்பு, அதன் பிறகு இரண்டு வருஷம் அறை வாடகையில் பாதி. மீதிப் பாதியை அவள் சம்பாதிக்க வேண்டும், சனி ஞாயிறில் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக் கொடுத்தாவது. அந்த இரண்டு வருஷம் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. அம்மா, இது உங்களுக்கும்தான்.

அடுத்த ஞாயிறு மைத்துனரை நேரில் கூட்டி வாருங்கள். கடன் கணக்கைத் தாளில் போட்டு வைத்திருக்கிறேன், அவர் கையிலேயே கொடுக்கிறேன். பாப்பா அந்த நோட்டோடு டேனரியின் ஒரு வெட் ப்ளூ துண்டும் கொண்டு வரட்டும், ஈரத்தோடு.