இணைய மதிப்புரைக்கு மதிப்பு உண்டா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். இணையத்தில் மட்டும் வெளிவரும் ஆய்விதழ் ஒன்று, என் ஆய்வுப் பொருளை ஒட்டிய புதிய நூலுக்கு மதிப்புரை கேட்டிருக்கிறது. அச்சில் வராததைப் பணி நேர்காணலில் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள், அந்த நேரத்தில் ஒரு கட்டுரையை முடிக்கலாம் என்கிறார் என் நெறியாளர். நூலாசிரியர் துறையில் மூத்தவர். நூலின் பிற்பகுதி எனக்கு ஏமாற்றமளித்தது. என் பெயரைத் தேடும் எவர் கண்ணிலும் இந்த மதிப்புரைதான் முதலில் படும் என்ற அச்சமும் இருக்கிறது. எழுதலாமா?

ஓர் ஆய்வு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

எழுதுங்கள். உங்கள் நெறியாளர் சொல்வதில் ஒரு பாதி உண்மை. பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் மதிப்புரைக்குப் பெரிய இடம் கிடைப்பதில்லை. ஆனால் அச்சிதழில் வரும் மதிப்புரையின் நிலையும் அதுதான். தன்விவரக் குறிப்பில் ஒரு வரி கூட்டுவது மட்டுமே உங்கள் நோக்கமென்றால் கட்டுரையை முடிப்பதே நல்லது.

மற்றப் பாதியை நான் ஏற்கவில்லை. கலைப்புலங்களில் இணைய மதிப்புரை நேற்று முளைத்ததன்று. கிரேக்க, லத்தீன் செவ்வியல் ஆய்வுகளுக்கான ‘பிரின் மார் கிளாசிக்கல் ரிவ்யூ’ 1990இல், வலைத்தளங்கள் பரவுவதற்கு முன்பே, மின்னஞ்சல் வழியாக மதிப்புரைகளை அனுப்பத் தொடங்கியது. லண்டனிலுள்ள வரலாற்றாய்வு நிறுவனம் ‘ரிவ்யூஸ் இன் ஹிஸ்டரி’யை 1996இல் தொடங்கி, மதிப்புரைக்கு நூலாசிரியர் எழுதும் பதிலையும் உடன் வெளியிடும் வழக்கத்தை ஏற்படுத்தியது. இன்னும் பின்னால் போனால், 1665இல் பாரிஸில் தோன்றிய ‘ஜூர்னால் தே சவான்’ முதன்மையாகப் புதிய நூல்களைப் பற்றிச் சொல்வதற்காகவே வந்த இதழ். ஆய்விதழ் என்ற வடிவமே நூல் அறிமுகத்தோடு ஒட்டிப் பிறந்தது என்பதை மதிப்புரையை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

இணையத்தின் ஆதாயம் விரைவு மட்டுமன்று. அச்சிதழுக்குப் போன நூல் மதிப்புரையாளர் கையில் சில மாதங்களும், பக்க ஒதுக்கீட்டுக்கான வரிசையில் இன்னும் சில மாதங்களும் கிடந்து, வெளிவந்து இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து மதிப்புரை பெறுவது சாதாரணம் என்பது உங்களுக்குத் தெரியும். அதைவிட முக்கியமானது வேறொன்று. பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் ஆய்வு நூல்கள் பெரும்பாலும் சில நூறு படிகளே அச்சாகின்றன. விலையோ தனியாள் வாங்கும் நிலையில் இருப்பதில்லை, நூலகங்களும் தயங்குகின்றன. அப்படிப்பட்ட நூலைக் கண்ணால் காண வழியில்லாத ஓர் ஆசிரியருக்கும் மாணவருக்கும், அதில் என்ன வாதம் இருக்கிறது, எந்த ஆவணங்களைக் கொண்டு நிறுவப்பட்டிருக்கிறது என்பதைக் கட்டணமின்றித் திறந்து கிடக்கும் ஒரு மதிப்புரைதான் சொல்லப்போகிறது. ஆகவே உங்கள் தீர்ப்பைவிட, நூலின் வாதத்தை நீங்கள் எவ்வளவு நேர்மையாக எடுத்துரைக்கிறீர்கள் என்பதே அவர்களுக்குப் பெரிது. “முதல் இயல் இதைக் கூறுகிறது, இரண்டாம் இயல் அதைக் கூறுகிறது” என்று பொருளடக்கத்தை நீட்டி எழுதுவது எடுத்துரைப்பாகாது.

ஒப்புக்கொள்வதற்கு முன் அந்த இதழைச் சற்று விசாரியுங்கள். பதிப்பாசிரியர் குழுவின் பெயர்கள் வெளிப்படையாக இருக்கின்றனவா, நூலாசிரியரோடு உங்களுக்கு உறவோ பகையோ உண்டா என்று கேட்கிறார்களா, பிரதியைத் திருத்துகிறார்களா, ஒவ்வொரு மதிப்புரைக்கும் டி.ஓ.ஐ. எண் (இணைய வெளியீட்டுக்கான நிலையான அடையாள எண்) தருகிறார்களா என்று பாருங்கள். அந்த எண்ணும் தானாகக் காப்பாற்றாது; தளத்தின் முகவரி மாறும்போது இதழ்க்காரர்கள் புதிய முகவரியைப் பதிவுசெய்தால்தான் அது வாசகரைச் சரியான இடத்துக்குக் கொண்டுசேர்க்கும். இதழே நின்றுபோனால் ‘போர்ட்டிகோ’ போன்ற மின்காப்பகம் ஒன்றில் படி இருக்க வேண்டும். இவையெல்லாம் இருந்தால் அச்சா திரையா என்ற கேள்விக்கு அதிகப் பொருளில்லை.

மூத்தவர் என்ற அச்சத்துக்கு வருகிறேன். அது வீண் அச்சம் என்று சொல்ல மாட்டேன். சட்டத்துறையில் நடந்ததென்றாலும் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். இணையத்தில் வெளியான மதிப்புரை ஒன்றை நீக்கும்படி நூலாசிரியர் கேட்டபோது, பதிப்பாசிரியர் ஜோசப் வைலர் மறுத்து, பதில் எழுத இடம் தருவதாகச் சொன்னார். நூலாசிரியர் பாரிஸில் குற்றவியல் அவதூறு வழக்குத் தொடுத்தார். 2011இல் நீதிமன்றம் வைலரை விடுவித்ததோடு, அவருக்கு 8,000 யூரோ இழப்பீடும் வழங்கச் சொன்னது. அந்த மதிப்புரை குறை சொன்னது நூலைத்தான், எழுதியவரையன்று.

நடைமுறையில் இந்த வேறுபாடு ஒரு வாக்கியத்திலேயே தெரியும். “ஆசிரியர் சான்றுகளை அலட்சியமாகக் கையாண்டிருக்கிறார்” என்று எழுதினால் அது அவர் மனநிலையைப் பற்றிய ஊகம். வாசகருக்கு அதனால் பயனுமில்லை. “ஒரு நூற்றாண்டு முழுவதையும் பற்றி ஐந்தாம் இயல் வைக்கும் முடிவு, ஒரே நீதிமன்றத்தின் 12 ஆண்டுப் பதிவேடுகளை மட்டுமே நம்பியிருக்கிறது” என்று பக்க எண்ணோடு எழுதினால், ஐயமுள்ளவர் அடிக்குறிப்பைப் புரட்டிப் பார்த்துக்கொள்வார். பிற்பகுதி உங்களை ஏமாற்றியது என்கிறீர்கள். எந்த இயலில், எந்த ஆவணத்தில் என்று காட்ட முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் இன்னொரு முறை படியுங்கள். இணையத்தில் பக்க வரம்பு இல்லை என்பதற்காக ஒவ்வோர் அச்சுப்பிழையையும் பட்டியலிட வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கக்கூடிய நூலை அவர் எழுதவில்லை என்று குறைப்படுவதும் வேண்டாம். இளம் ஆய்வாளர்களின் மதிப்புரைகளில் நான் அதிகம் காணும் குறை இதுதான்.

வெளியான பின் அவர் பதில் எழுதினால், தரவுப் பிழையை அவர் சுட்டியிருக்கும் பட்சத்தில் திருத்தக் குறிப்பொன்றை இணைக்கும்படி இதழுக்கு எழுதுங்கள். வெறும் கருத்து வேறுபாடென்றால் பதிலுக்குப் பதில் வேண்டாம். இரண்டு உரைகளும் ஒரே பக்கத்தில் இருக்கும், வாசகர் ஒப்பிட்டுக்கொள்வார்.

ஒப்புக்கொண்டால் கெடு தேதிக்குள் அனுப்பிவிடுங்கள். மதிப்புரைக்கென்று நூலை வாங்கிவைத்துக்கொண்டு மௌனமாகிவிடுகிறவர்களைப் பதிப்பாசிரியர்கள் எளிதில் மறப்பதில்லை.