இன்சார்ஜ் பதவி வருகிறது, ஏற்கலாமா?

கேள்வி: நான் குடியாத்தம். ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடித்துவிட்டு 11 வருடமாக வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். இப்போது 30 படுக்கை உள்ள மெடிக்கல் வார்டில் சீனியர் ஸ்டாஃப் நர்ஸ். வார்டு பொறுப்பைப் பார்க்கும் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அவர் இடத்தை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, அலவன்ஸ் என்று கொஞ்சம் தருவார்களாம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் என் கணவர், "தலைவலிதான் மிச்சம்" என்கிறார். என்னோடு படித்த தோழியும் இதே வார்டில்தான் இருக்கிறாள். நோயாளியோடு பேசி வேலை செய்யத்தான் எனக்குப் பிடிக்கும். ஃபைலுக்குள் உட்கார்ந்துவிடுவேனோ என்று பயம். பிற்காலத்தில் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் வரை போக ஆசை இருக்கிறது. அதற்கு எம்.எச்.ஏ. (மருத்துவமனை நிர்வாகப் பட்டமேற்படிப்பு) படிக்கலாமா, போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படிக்கலாமா? கம்ப்யூட்டரும் எனக்குச் சரியாக வராது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சிஸ்டர், பதவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆர்டர் கைக்கு வந்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.

"பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தைதான் எனக்கு உறுத்துகிறது. ஆளை வாய்வார்த்தையிலேயே உட்கார வைத்துவிட்டு, வருடக்கணக்கில் "ஆக்டிங்" இன்சார்ஜாகவே ஓட்டும் மருத்துவமனைகளை நான் பார்த்திருக்கிறேன். பொறுப்பு முழுக்க உங்கள் தலையில் இருக்கும், பதவிப் பெயர் மட்டும் ஸ்டாஃப் நர்ஸ் என்றே இருக்கும். நாளைக்கு வேறு மருத்துவமனைக்கு விண்ணப்பித்தால் அனுபவச் சான்றிதழில் இன்சார்ஜ் என்ற சொல்லே வராது. அதனால் தேதி, பதவிப் பெயர், அலவன்ஸ் தொகை, சோதனைக் காலம் என்றால் எத்தனை மாதம், எல்லாம் எழுத்தில் வேண்டும் என்று பணிவாகக் கேளுங்கள். தருகிறவர்கள் தருவார்கள். இழுத்தடித்தால் அந்த நிர்வாகத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்று தெரிந்துவிடும்.

பணத்தைப் பற்றி உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் நர்சுகளுக்கு மாநில அரசுச் சம்பளத்துக்கு இணையாகத் தர வேண்டும் என்று, உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு 2016இல் பரிந்துரைத்தது. 50 படுக்கைக்குக் கீழே இருந்தால்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. பல இடங்களில் அது இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. அலவன்சுக்காக இந்த வேலைக்கு வந்தால் மூன்றாவது மாதமே வெறுத்துவிடும். மேலே போகும் வழியில் இது முதல் படி, அதைக் கணக்கில் வைத்துத்தான் வர வேண்டும்.

ஃபைல் பயத்துக்கு வருகிறேன். இன்சார்ஜ் சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தே வார்டை நடத்துகிறார் என்றால் அந்த வார்டில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். நைட் ஷிஃப்ட் பொறுப்பை ஒப்படைக்கும் காலை ஹேண்டிங் ஓவரில் படுக்கை படுக்கையாக நின்று கேட்க வேண்டும். இரவில் யாருக்கு மூச்சு வாங்கியது, யாருக்கு சர்க்கரை இறங்கியது, பக்கவாதத்தில் படுத்திருக்கும் பெரியவரை எத்தனை மணிக்குத் திருப்பிப் படுக்க வைத்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். போர்வையை விலக்கி முதுகைப் பார்க்காமல் "பெட் சோர் (படுக்கைப் புண்) இல்லை" என்று எழுதவிடாதீர்கள். எமர்ஜென்சி டிராலியில் மருந்து காலாவதி ஆகியிருக்கிறதா, ஆக்சிஜன் சிலிண்டரில் அளவு எவ்வளவு, சக்ஷன் மெஷின் ஓடுகிறதா என்று நீங்களே தொட்டுப் பாருங்கள். இது எல்லாமே நோயாளியின் பக்கத்தில் நடக்கிற வேலை.

நம் ஊர் வார்டுகளில் இன்னொன்றும் உண்டு. காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி மேற்கு வங்கம், ஜார்கண்ட், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி வைத்தியம் பார்க்கிறார்கள். டிஸ்சார்ஜ் எப்போது என்று தெரியாமல், ரயில் டிக்கெட்டை மாற்றுவதா வேண்டாமா என்று தவிக்கும், நோயாளியோடு கூட வந்தவரிடம் பாதி இந்தி, கால் வங்காளம், மீதி கைஜாடையில் உட்கார்ந்து பேசுகிறவர் பெரும்பாலும் இன்சார்ஜ்தான். பேசிப் பழகுவது உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அந்த வேலை குறையப்போவதில்லை. ஊசி போடுவது குறையும், அதை மறைக்க மாட்டேன்.

இந்தப் பதவியின் நிஜமான கஷ்டம் டியூட்டி லிஸ்டில்தான். ஒரு வார்டு இன்சார்ஜ் நல்லவரா கெட்டவரா என்று வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ் பிள்ளைகள் தீர்ப்பு எழுதுவது அந்த ஒரு தாளைப் பார்த்துத்தான். வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. உங்கள் குடியாத்தத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அன்றைக்கு லீவு வேண்டும், உங்களையும் சேர்த்து. மேல்விஷாரம் பெண்ணுக்கு ரம்ஜான், இன்னொருத்திக்கு கிறிஸ்துமஸ், தீபத்துக்குத் திருவண்ணாமலை போகிறவள் ஒருத்தி. புதிதாகக் கல்யாணம் ஆனவள், கைக்குழந்தைக்காரி, மாமியார் ஆபரேஷனுக்குப் போக வேண்டியவள், எல்லோருடைய காரணமும் உண்மையான காரணம்தான். எல்லோருக்கும் கொடுத்தால் வார்டில் ஆள் இருக்காது.

நான் கண்ட வழி ஒன்றுதான். பண்டிகை லீவையும் நைட் டியூட்டியையும் வருடத்துக்குச் சேர்த்து ஒரு நோட்டில் எழுதி, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கும்படி வைத்துவிட வேண்டும். போன வருடம் யாருக்கு எந்தப் பண்டிகை கிடைத்தது என்பது எல்லோர் கண்ணிலும் பட்டால் பாதிப் புகார் அடங்கிவிடும். மீதிப் பாதி அடங்காது, அதோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள். லிஸ்ட் போட்ட பிறகு தங்களுக்குள் மாற்றிக்கொள்கிறவர்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். "சிஸ்டர், அவகிட்ட சொல்லிட்டேன்" என்று போனில் வரும் மாற்றத்தை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரவு 9 மணிக்கு ஆள் வராமல் போவது அப்படித்தான். ஒரு சிரசுக்கு நீங்களும் டியூட்டியில் நில்லுங்கள், அதற்கப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

தோழி விஷயமும் இந்த நோட்டில்தான் தீரும். ஆர்டர் வந்த அன்றைக்கே அவளைத் தனியாக கேன்டீனுக்குக் கூப்பிட்டு, மற்றவர்களுக்கு உள்ள முறைதான் உனக்கும் என்று சொல்லிவிடுங்கள். கொஞ்ச நாள் முகம் கொடுக்க மாட்டாள். ஒருவேளை அந்த இடம் தனக்கு வரும் என்று அவள் நினைத்திருக்கலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். அவளுக்கு நன்றாக வரும் வேலை எதுவோ, புதுப் பிள்ளைகளுக்கு ஐ.வி. லைன் போடக் கற்றுக்கொடுப்பதோ வேறொன்றோ, அதை அவள் பெயரிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.

ஆள் பற்றாக்குறை என்று மேலிடத்தில் கேட்கும்போது அழுது கேட்காதீர்கள், கணக்கோடு கேளுங்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் பழைய கணக்கு ஒன்று உண்டு. பொது வார்டில், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் 3 படுக்கைக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனை என்றால் 5 படுக்கைக்கு ஒரு நர்ஸ். மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அதற்கு மேல் லீவுக்காக 30 சதவீதம் கூடுதல் ஆள். உங்கள் 30 படுக்கைக்கு 6 பேர், லீவுக்கு 2 பேர், ஆக 8. பிரித்துப் போட்டால் ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு பேர்தான், ஆளுக்கு 15 நோயாளிகள். குறைந்தபட்சமே இவ்வளவு இறுக்கம். அதுவும் இல்லாத வார்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தெந்தத் தேதியில் எத்தனை பேரோடு ஷிஃப்ட் ஓடியது, எத்தனை டபுள் டியூட்டி, அந்த நாட்களில் எத்தனை பேர் கட்டிலிலிருந்து விழுந்தார்கள், மருந்து எத்தனை முறை தாமதமானது என்று மாதாமாதம் ஒரு பக்கத்தில் எழுதி சூப்பரின்டென்டென்ட்டிடம் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். என்.ஏ.பி.எச். என்ற தர அங்கீகாரம் வைத்திருக்கும் மருத்துவமனை என்றால் இந்த எண்களை அவர்களே கேட்பார்கள், அதனால் உங்கள் தாளுக்கு மதிப்பு கூடும்.

இதோடு சேர்ந்த ஒரு விஷயம். மருந்து மாறிப்போய்விட்டது என்று ஒரு பிள்ளை தானாக வந்து சொன்னால், எல்லோர் முன்னாலும் திட்டாதீர்கள். முதலில் நோயாளியைப் பாருங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள், இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுத வையுங்கள். பிறகு காரணத்தைத் தேடுங்கள். ஒரே மாதிரி டப்பாவில் இரண்டு மருந்து பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருந்ததா, மூன்றாவது நைட்டில் தூக்கக் கலக்கமா? ஒரு முறை திட்டினீர்கள் என்றால் அடுத்த தவறு உங்கள் காதுக்கே வராது. டாக்டர்கள் கத்துவார்கள். அதில் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை, 11 வருடம் பார்த்திருக்கிறீர்கள். இனிமேல் பிள்ளைகளுக்குப் பதிலாக நீங்கள் முன்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

படிப்புக்கு வருவோம். எம்.எச்.ஏ. வேண்டாம், இப்போதைக்கு. அது நல்ல படிப்புதான். தர மேம்பாட்டுப் பிரிவு, ஆபரேஷன்ஸ், நிர்வாக அலுவலகம் என்று போக நினைப்பவர்களுக்கு உதவும். நீங்கள் ஆசைப்படும் நாற்காலி நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டுடையது, அதற்கு நர்சிங் பட்டம்தான் பேசும். 1909இலேயே நர்சிங் பள்ளி தொடங்கி, 1946இல் அதைப் பட்டப்படிப்புக் கல்லூரியாகவும் வளர்த்த சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) இருக்கும் ஊர் இது. பி.எஸ்சி., எம்.எஸ்சி. முடித்தவர்களுக்கு வேலூரில் பஞ்சம் இல்லை. வெறும் ஜி.என்.எம். வைத்துக்கொண்டு டெபுடி சூப்பரின்டென்டென்ட் பதவிக்குப் போட்டி போட்டால் அனுபவம் எவ்வளவு இருந்தாலும் விண்ணப்பம் கீழே போய்விடும். ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. 2 வருடம், அதற்கப்புறம் எம்.எஸ்சி. நர்சிங் 2 வருடம். எம்.எஸ்சி.யில் எந்தப் பிரிவு எடுத்தாலும் நர்சிங் மேனேஜ்மென்ட் ஒரு பாடமாகவே வரும். எம்.எச்.ஏ. வேண்டுமென்றால் அதற்குப் பிறகு யோசிக்கலாம். சேரும் முன் அந்தக் கல்லூரி நர்சிங் கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வகுப்புக்கே போகாமல் பட்டம் என்று யாராவது விளம்பரம் செய்தால் பக்கத்தில் போகாதீர்கள்.

போஸ்ட் பேசிக் முழுநேரப் படிப்பு. அதற்கு லீவும் பணமும் வேண்டும். சில மருத்துவமனைகள் தங்கள் ஆட்களை அனுப்பிப் படிக்க வைத்து, திரும்பி வந்து இத்தனை வருடம் வேலை பார்க்க வேண்டும் என்று பாண்ட் எழுதி வாங்கும். ஆர்டர் பேசும்போதே இதையும் கேட்டுவையுங்கள். உங்கள் தேவை அவர்களுக்கு இருப்பதால் இப்போது காது கொடுத்துக் கேட்பார்கள். இன்சார்ஜாக ஒரு வருடமாவது இருந்துவிட்டுப் படிக்கப் போவது நல்லது, வகுப்பில் சொல்வது அப்போதுதான் மண்டையில் ஏறும். அடுக்கம்பாறை மாதிரி அரசு மருத்துவமனைக் கணக்கு வேறு. அங்கே செவிலியர் கண்காணிப்பாளர் பதவிக்கு சீனியாரிட்டிப்படிதான் வர முடியும், நடுவில் நுழைய வழியில்லை.

உங்கள் கணவரும் சூப்பர்வைசர்தானே? லைனில் நாலு பேர் வராத நாளில் அன்றைய கணக்கை எப்படி முடிக்கிறார், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் எப்படி நிற்கிறார் என்று அவரையே கேளுங்கள். தலைவலி என்று அவர் சொல்வது சொந்த அனுபவமாக இருக்கும், வழியும் அவரிடமே இருக்கலாம். பல இடங்களில் இன்சார்ஜுக்கு வழக்கமான நைட் டியூட்டி கிடையாது. பதிலுக்கு, ராத்திரி 11 மணிக்கு வீட்டில் போன் அடிக்கும். முதல் ஆறு மாதம் அதிகமாகவே அடிக்கும், இதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கம்ப்யூட்டருக்காகப் பயப்பட வேண்டாம். உங்களுக்குத் தேவை எக்செலில் டியூட்டி லிஸ்ட் போடுவதும், மாதக் கணக்கைக் கூட்டுவதும், ஸ்டோருக்கு இன்டென்ட் (தேவைப் பட்டியல்) அனுப்புவதும்தான். உங்கள் வார்டிலேயே போனை வைத்துக்கொண்டு எல்லாம் தெரிந்த ஒரு புதுப் பெண் இருப்பாள். ஈவினிங் டியூட்டி முடிகிற நேரத்தில் தினமும் கால் மணி நேரம் அவள் பக்கத்தில் உட்காருங்கள். முதல் மாத லிஸ்டைக் கையாலும் எழுதி, எக்செலிலும் போட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.