வர்ம ஆசானுக்கு எவ்வளவு ஹீல் கொடுக்கலாம்?

கேள்வி: நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறேன். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து, ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் மொபைல் கேம் ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். புதிதாக ஒரு சப்போர்ட் கேரக்டர்: வர்ம ஆசான். நான்கு திறனும் ஹீல், அதாவது தோழரின் உயிரை ஏற்றுவதுதான். ஆடிப் பார்த்தால் யாரும் அவரை எடுக்க மாட்டேன் என்கிறார்கள். வற்புறுத்தி எடுக்க வைத்தால் மேட்ச் முடிவதே இல்லை. ஹீல் அளவைக் கூட்டுவதா, குறைப்பதா?

பதில்: தம்பி, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு உயிர் 1000. எதிரி நொடிக்கு 100 அடிக்கிறார். ஹீல் இல்லையென்றால் 10 நொடியில் விழுவார். ஆசான் நொடிக்கு 60 ஊட்டினால் 25 நொடி நிற்பார். 80 என்றால் 50 நொடி. 100 ஆக்கிவிட்டால் விழவே மாட்டார். இடையில் எங்கே நிறுத்துவீர்கள்? எண்ணைத் திருகித் திருகி மாசக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். விடாமல் ஊற்றும் ஹீலில் உள்ள சிக்கல் இது. ஆடுபவருக்கும் ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அவரை யார் எடுப்பார்கள்?

ஆசானை எங்கிருந்து எடுத்தீர்களோ அங்கேயே விடை இருக்கிறது. நம்ம மாவட்டத்தில் அடிமுறை என்ற சண்டைக் கலையைச் சொல்லிக்கொடுக்கும் ஆசான்கள் வர்ம வைத்தியமும் பார்ப்பார்கள். வர்மம் என்பது உடம்பில் அடிபட்டால் ஆபத்தான இடம். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது வழக்கமான எண்ணிக்கை. வர்மத்தில் அடிபட்டு மயங்கியவரைத் தட்டியும் தடவியும் எழுப்புவதை இளக்குமுறை என்பார்கள். இத்தனை நாழிகைக்குள் இளக்க வேண்டும் என்று வர்ம நூல்கள் கெடுவும் வைக்கின்றன. அடிக்கிற கைதான் இளக்குகிற கை. அதற்கும் ஒரு கெடு. இப்படிப்பட்டவரை எட்டத்தில் நிறுத்திப் பச்சை வெளிச்சம் பாய்ச்ச வைத்துவிட்டீர்களே, அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை.

முதல் திறனாக இளக்கை வையுங்கள். எதிரி அடித்ததில் தோழர் 2 நொடி ஸ்டன் ஆகி, அசைய முடியாமல் நிற்கிறார். முதல் ஒரு நொடிக்குள் ஆசான் பக்கத்தில் போய்த் தொட்டால் ஸ்டன் விடும், அந்த அடியில் போன உயிரில் பாதி திரும்பும். பிந்தினால் ஒன்றும் கிடையாது. கூல்டவுன், அதாவது மறுபடி பயன்படுத்தக் காத்திருக்கும் நேரம், 14 நொடி. இப்போது ஆசானை ஆடுபவர் தோழரின் உயிர்க்கோட்டை மட்டும் பார்த்தால் போதாது, எதிரியின் கையையும் பார்க்க வேண்டும். எதிரியும் சும்மா இருக்க மாட்டார். சின்ன ஸ்டன்னை முதலில் போட்டு இளக்கை வீணாக்கிவிட்டு, பெரியதை அப்புறம் போடுவார். இல்லையென்றால் ஆசானையே வழிமறிப்பார். இரண்டு பக்கமும் யோசிக்க வேலை வந்துவிட்டது பாருங்கள்.

இரண்டாவது திறன் அடி: ஆசான் தொட்ட எதிரியின் கை 2 நொடி தளரட்டும். மூன்றாவது மருந்துக் கிழி. அதைத் தரையில் போட வேண்டும், தோழர் வந்து எடுக்க வேண்டும், எதிரி மிதித்துக் கெடுக்கலாம். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேமில் த்ரெஷ் என்ற கேரக்டர் வீசும் லாந்தரைத் தோழர்தான் தொட வேண்டும். அதனால் காப்பாற்றப்படுபவருக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது.

அல்டிமேட்டாக, அதாவது எப்போதாவது மட்டும் கிடைக்கும் பெரிய திறனாக, விழுந்தவரை எழுப்பும் திறன் வைக்க ஆசை வரும். வையுங்கள், ஆனால் ஒருவரை மட்டும். ஓவர்வாட்ச் கேமில் ஹீல் கொடுக்கும் கேரக்டரான மெர்சி ஆரம்பத்தில் பக்கத்தில் விழுந்த எல்லோரையும் ஒரே வீச்சில் எழுப்புவார். அதனால் சண்டை நடக்கும்போது ஒளிந்திருந்து, எல்லோரும் செத்த பிறகு வருவதே லாபமாகிப் போனது. 2017இல் அதை ஒருவரை மட்டும் எழுப்பும் சாதாரணத் திறனாக மாற்றினார்கள். உங்கள் ஆசான் 2 நொடி பக்கத்தில் உட்கார்ந்து எழுப்பட்டும். நடுவே அடி விழுந்தால் கலையட்டும்.

சப்போர்ட் ஆடுபவரிடம் கோல்டு எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே ஆசானின் பலம் பொருள் வாங்குவதால் அல்லாமல் லெவலால் ஏறட்டும்.

மொபைல் என்பதால் இன்னொன்று. நான் செய்த கேம் ஒன்றைச் சோதிக்க வந்த பையனின் கட்டைவிரலையே ஒரு மேட்ச் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறி வைத்து இழுப்பான், விரல் மறைத்துக்கொள்ளும், ஹீல் போய் முழு உயிரோடு நிற்கும் டேங்க், அதாவது அடி தாங்கும் கேரக்டர் மேல் விழும். மூன்றாம் முறை போனைக் கீழே வைத்துவிட்டான். இளக்குக்குக் குறியே வேண்டாம். தட்டினால் கைக்கெட்டும் தூரத்தில் ஸ்டன் ஆன தோழரை அதுவே பிடிக்கட்டும்.

அப்புறம் பத்து மேட்ச் ஆடி, இளக்க எத்தனை வாய்ப்பு வந்தது, எத்தனை பிடித்தார்கள் என்று நோட்டில் குறியுங்கள். பத்துக்கு ஒன்பது பிடித்தால் கெடுவைச் சுருக்குங்கள், இரண்டுதான் என்றால் நீட்டுங்கள். பாதிக்குப் பக்கம் வந்தால் சரி. எதிரணியில் ஆடியவர்களிடமும், "ஆசானை எப்படிச் சமாளித்தாய்?" என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால், ஆசான் கையைத் தூக்குவது அவர்கள் கண்ணில் படவில்லை. அங்கே ஒரு சத்தமும், கொஞ்சம் பெரிய அசைவும் சேருங்கள்.