மாதவிடாய்க்கு முன் மார்பில் வலி, தொட்டால் கட்டி மாதிரி தட்டுப்படுகிறது. புற்றுநோயாக இருக்குமா?

உங்களுக்கு 32 வயது, மாதாமாதம் தேதி நெருங்கும்போது இரண்டு மார்பும் வலிக்கிறது, இடது பக்கம் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அறுவை சிகிச்சைப் பிரிவின் ஓபியில் செவிலியராக இருக்கிறேன். இதே பயத்தோடு வருகிறவர்களை அடிக்கடி பார்ப்பதால் சொல்கிறேன்: வலியையும் கட்டியையும் தனித்தனியாகப் பாருங்கள்.

மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பே மார்பு கனத்து, இரண்டு பக்கமும் வலித்து, தேதி வந்ததும் குறைந்துவிடும் வலி ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் வருவது. புற்றுநோயோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. இரண்டு மூன்று மாதம் வலிக்கும் நாட்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள், உங்களுக்கே புரிந்துவிடும். அளவு சரியாக உள்ள, நன்றாகத் தாங்கிப் பிடிக்கும் பிரா போட்டாலே பலருக்கு வலி குறைகிறது. தாங்க முடியாத நாட்களில் பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபினாக் ஜெல்லும் தடவலாம், ஆனால் கர்ப்பமாக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரைக்குச் செலவழிக்காதீர்கள், அது உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

கட்டி விஷயம் வேறு. நோய் முற்றிய பிறகு எங்களிடம் வரும் அக்காக்களிடம் ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டால், "வலிக்கவே இல்ல சிஸ்டர், அதான் விட்டுட்டேன்" என்பார்கள். கேட்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலி இல்லை என்பது நிம்மதிக்கான காரணமே இல்லை.

உங்கள் வயதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணமானவைதான். தொட்டால் ரப்பர் மாதிரி இருந்து, விரலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா, அதாவது புற்றுநோய் இல்லாத சாதாரணக் கட்டி. சிலருக்கு நீர்க்கட்டியாக இருக்கும். விரல் நுனியால் கிள்ளிப் பார்க்காதீர்கள், அப்படிப் பார்த்தால் யாருக்கும் கட்டி மாதிரிதான் தெரியும். மாதவிடாய் முடிந்த சில நாளில் மல்லாந்து படுத்து, அந்தப் பக்கக் கையைத் தலைக்கு அடியில் வைத்து, நடு மூன்று விரல்களைத் தட்டையாக வைத்துத் தடவுங்கள். அப்போதும் கட்டி இருந்தால் டாக்டரிடம் போயே ஆக வேண்டும்.

அவர் கையால் பார்ப்பார். அடுத்து ஸ்கேன். 40 வயதுக்குக் கீழே மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) எல்லாமே வெள்ளையாகத் தெரிந்து கட்டி மறைந்துவிடலாம், அதனால் முதலில் அல்ட்ராசவுண்ட். தேவைப்பட்டால் மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள், இதுதான் பயாப்ஸி. "ஊசி பட்டா பரவிடும்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பரவாது. அந்தப் பயத்தில் பயாப்ஸியைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

கல் மாதிரி கெட்டியாக அசையாமல் இருப்பது, தோல் குழி விழுவது, ஆரஞ்சுத் தோல் போல ஆவது, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் வருவது, அக்குளில் கட்டி: இதில் எது இருந்தாலும் அடுத்த மாதவிடாய் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள்.

அம்மாவுக்கு 50 தாண்டியிருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 20 ஆண்டுகள் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்ததிலேயே, 50 வயதைக் கடந்த பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது.

அப்புறம், எந்த டாக்டர் என்று கேட்டிருந்தீர்கள். பொது அறுவை சிகிச்சை டாக்டர். அரசு மருத்துவமனை என்றால் சர்ஜரி ஓபி சீட்டு வாங்குங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். ஆண் டாக்டர் பார்ப்பதாக இருந்தால், பெண் செவிலியர் ஒருவரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிக் கேட்கலாம்.